சாய்வெளிச்சம்

குளியலறைச் சுவரில் சாப்பாட்டுத் தட்டளவு துளை.
ஆர்லன் விழும்போது
கைப்பிடியையும் கூட்டிக்கொண்டு விழுந்தார்,
கைப்பிடி சுவரையும்.

மூன்று பேரைக் கூப்பிட்டேன்.

முதல் ஆள் சுவரைப் பார்க்கவேயில்லை.
"துளைதானே, முந்நூறு டாலர்."
எந்த அறை, ஈரம் படுமா, ஒன்றும் கேட்கவில்லை.
பாதிப் பணம் முன்னால் வேண்டும் என்பதை மட்டும்
இரண்டு தடவை சொன்னார்.

இரண்டாம் ஆள் பளபளக்கும் வண்டியில் வந்தார்.
இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு,
உதட்டைப் பிதுக்கினார்:
"எல்லாவற்றையும் பிரித்துவிட வேண்டும்."
படியோரம் தலைநீட்டும் ஆணிகளைக் காட்டி
வீடே நகர்கிறது என்றார்.
துலூத்தின் இந்த மேட்டில்
நாற்பத்தொரு குளிர்காலம் இருந்துவிட்டேன்.
நகர்ந்தால் என்னிடம் சொல்லியிருக்கும்.

மூன்றாவது, ஓயாலா.
பூட்ஸை வாசலில் கழற்றினார்,
காலுறையில் கட்டைவிரல் வெளியே.
விளக்கை அணைக்கச் சொன்னார்.
டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து
வெளிச்சத்தைப் பக்கவாட்டில் ஓடவிட்டார்.
நேராகப் பார்த்தால் பால்போல் இருந்த சுவர்
மேடும் பள்ளமுமாக எழுந்து நின்றது.
யாரோ எப்போதோ தேய்க்காமல் விட்ட விளிம்பெல்லாம்
அதில் இருந்தன.

கேள்விகளைத் தாளில் எழுதி வைத்திருந்தேன்.

எத்தனை நாள்?
மூன்று. வேலை சில மணி நேரம்தான்,
மிச்சமெல்லாம் பட்டி காய்வதற்கு.
அவசரப்பட்டால் விரிசல் திரும்பி வரும்.
தூசி?
வரும். திரை கட்டினாலும்
சர்க்கரை டப்பாவுக்குள் வரும்.
ஆணி ஏன் தலைநீட்டுகிறது?
மரம் சுருங்கும். ஆணிக்கு அது தெரியாது.
பக்கத்தில் ஒரு திருகாணி போட்டால் அடங்கும்.
ஒட்டு தெரியுமா?

இதற்கு மட்டும் யோசித்தார்.
"பிப்ரவரியில், நாலு மணிக்கு,
ஜன்னலில் வெயில் படுத்துக்கொண்டு வரும்போது
ஐந்து நிமிடம் தெரியும்.
உங்களுக்கு. வேறு யாருக்கும் தெரியாது."

பிறகு துளைக்குள் கையைவிட்டுத் துழாவினார்.
"கைப்பிடியை யார் பொருத்தியது?"

சமையலறையிலிருந்து ஆர்லன்,
இடுப்பில் புது உலோகத்தோடு, உரக்க:
"நான்தான். தட்டிப் பார்த்தேன்.
கெட்டியாகத்தான் கேட்டது!"

ஓயாலா என்னைப் பார்த்து
விரல்களை விரித்துக் காட்டினார், சத்தமில்லாமல்.
மரச்சட்டம் நாலு விரல் தள்ளி இருந்தது.
நாலே விரல்.
ஜிப்சம் பொடி, இரு பக்கமும் காகிதம்,
அந்த மண்குதிரையை நம்பித்தான்
என் வீட்டுக்காரர் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறார்.

"கெட்டியாகத்தான் கேட்டிருக்கும்" என்றார் ஓயாலா
சமையலறைப் பக்கம் திரும்பி.
"குழாய்க்குப் பக்கத்தில் அப்படித்தான் கேட்கும்."

அங்கே குழாயே இல்லை.

துளையை அடைக்க வந்தவர்
முதலில் துளையைப் பெரிதாக்கினார்,
இந்தச் சட்டம் முதல் அந்தச் சட்டம் வரை.
நடுவே குறுக்குக்கட்டை வைத்து முடுக்கினார்.
ஈரம் தாங்கும் பலகை, நாடா, பட்டி,
மறுநாள் பட்டி, அதற்கு மறுநாளும் பட்டி.
ஒவ்வொரு பூச்சும் முந்தியதைவிட அகலம், முந்தியதைவிட மெல்லிசு.
தேய்த்து முடித்ததும் அவர் புருவமே வெள்ளையாகிவிட்டது.

கைப்பிடியை முடுக்கியபின்
இரண்டு கையாலும் பிடித்து
காலைத் தூக்கித் தொங்கினார்.
நூறு கிலோவுக்குக் குறையாத மனிதர்.
நடைச்சட்டத்தைப் பிடித்தபடி வாசலில் நின்ற ஆர்லன்
"இன்னும் கொஞ்சம் ஆடுங்கள்" என்றார்.

பில்லில் எல்லாம் இருந்தது.
குறுக்குக்கட்டை: பதினோரு டாலர்.

இன்று நாலு மணிக்குப் பார்த்தேன்.
தெரிகிறது.
ஒரு மூலையில், ரொட்டியின் ஓரம்போல.

இப்போது ஆர்லன் உள்ளே.
தண்ணீர் ஓடுகிறது.
துவாலையோடு கதவுக்கு வெளியே நிற்கிறேன்.
தண்ணீர் நிற்கிறது.
பிறகு ஒரு சத்தம்:
சுவரைத் தட்டிப் பார்க்கிறார்.